தலையெண்ணிக்கை போதாது: மொரீஷியஸ் முதியோர் பராமரிப்பும் தரவு மாதிரிகளும்

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொரீஷியஸின் எதிர்காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அஞ்சினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலேரியா ஒழிப்பு இயக்கம் நடந்ததில் இறப்பு விகிதம் சரிந்திருந்தது. பிறப்பு விகிதமோ பழைய உயரத்திலேயே நின்றது. ஏறத்தாழ 6 லட்சமாக இருந்த மக்கள்தொகை, அந்தப் போக்கு நீடித்தால், நூற்றாண்டு முடிவதற்குள் 30 லட்சத்தை நெருங்கக்கூடும் என்று எழுதினார் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட். அவருடைய குழு பொருளாதாரத்தை ஆராய்ந்தது. ரிச்சர்ட் டிட்மஸும் பிரையன் ஏபெல்-ஸ்மித்தும் சமூகக் கொள்கையை ஆராய்ந்தார்கள். இரு அறிக்கைகளும் ஒரே அபாயத்தைத்தான் சுட்டின. ஆனால் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 12 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது என்று இன்றும் சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. அது நியாயமான தீர்ப்பாகாது. ‘இப்போதைய பிறப்பு விகிதம் மாறாவிட்டால்’ என்ற நிபந்தனையின் மேல்தான் அந்த எண் நின்றது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1957லேயே தொடங்கப்பட்டிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே நீண்ட இழுபறிக்குப் பிறகு, திருச்சபை ஏற்கும் இயற்கை முறைகளைப் பரப்பும் அமைப்பு ஒன்றும் வந்தது. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், தாமதமாக மணந்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள் என்ற நிலை 1970களின் தொடக்கத்திலேயே மூன்றரையை ஒட்டி இறங்கிவிட்டது. அறிக்கைகள் எழுப்பிய அச்சமும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஒரு முன்கணிப்பு, தான் முன்கணித்ததையே நடக்கவிடாமல் தடுக்க உதவுமானால், அதைவிடப் பெரிய பயன் அதற்கு இருக்க முடியாது. சமூகப் பராமரிப்புக்காக மாதிரிகளை, அதாவது தரவைக்கொண்டு நாளைய தேவையைக் கணக்கிடும் கணித அமைப்புகளை, கட்டுகிறவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் அவர்களிடமும் ‘2040இல் எத்தனை பேர்’ என்றுதான் கேட்கப்படும், அவர்களோ ‘எந்த நிபந்தனையில்’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இன்று நிலைமை தலைகீழ். 2011க்கும் 2022க்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மக்கள்தொகை 12 லட்சத்து 30 ஆயிரம் சொச்சத்திலேயே தேங்கி நின்றுவிட்டது. ஒரு பெண்ணுக்கான சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை ஒன்றரைக்கும் கீழே. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூன் மாத வரவுசெலவுத் திட்டத்தில், அடிப்படை ஓய்வூதியம் பெறும் வயது 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு வந்து தெருவரை விவாதமானது. விவாதம் சூடேறியதில் வியப்பில்லை. 1950இல் வருமானச் சோதனையோடு தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 1958இல் அனைவருக்கும் என்றாக்கப்பட்டது. 2004இல் மீண்டும் வருமான வரம்பைக் கொண்டுவந்த முயற்சி, 2005 தேர்தலில் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. மொரீஷியஸ் குடிமகனுக்கு அந்த ஓய்வூதியம் ஒரு சலுகையாகத் தோன்றுவதில்லை, உரிமையாகவே தோன்றுகிறது.

ஆனால் அந்த விவாதம் முழுவதும் பணத்தைச் சுற்றியே நடந்தது. ஓய்வூதியச் செலவைக் கணக்கிடுவது ஒப்பளவில் எளிது: எத்தனை பேர், என்ன வயது, மாதம் எவ்வளவு. பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காக நடக்கும் ஒரு தீவில் அடுத்த இருபது ஆண்டுகளில் 60ஐத் தொடப்போகிறவர்கள் அனைவரும் ஏற்கெனவே பிறந்து வளர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை எண்ணிவிடலாம். படுக்கையிலிருந்து எழ ஒரு கை தேவைப்படுகிறவர் எத்தனை பேர், அந்தக் கை யாருடையது என்பவற்றுக்கு அந்தக் கணக்கில் விடையில்லை. முதியோருக்கான நமது திட்டமிடல், பணத்தைக் கணக்கிடும் அதே அச்சில் பராமரிப்பையும் வார்த்துவிடுகிறது என்பதே என் மனக்குறை. பராமரிப்புக்கான மாதிரி, ஒருவருக்கு எவ்வளவு இடைவெளிக்கு ஒருமுறை இன்னொருவர் தேவைப்படுகிறார் என்பதை எண்ண வேண்டும்.

இதற்கான கருவிகள் புதியவை அல்ல. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் ஆறு அன்றாடச் செயல்களை எடுத்துக்கொண்டார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்கிக்கொள்வது, உண்பது. இவற்றை மனிதர் இழப்பதில் பொதுவாக ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். குளிப்பதில்தான் முதலில் உதவி தேவைப்படுகிறது. கையால் எடுத்து உண்ணும் திறன் கடைசிவரை நிற்கிறது. மருத்துவப் பரிசோதனை எதுவும் இல்லாமல், ஆறு கேள்விகளைக் கொண்டே ஒருவர் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

1976இல் பிரிட்டனைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ், தம் சக ஆய்வாளர் நெவிலுடன் சேர்ந்து இன்னொரு வழியில் யோசித்தார். நோயின் பெயரையோ இயலாமையின் அளவையோ விட்டுவிட்டு, உதவியில்லாமல் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று மட்டும் கேட்டார்கள். வாரத்தில் சில முறை யாராவது வந்தால் போதும் என்பவர் ஒரு வகை: கடைக்குப் போவது, வீடு துடைப்பது, கனமான துணி துவைப்பது. நாள்தோறும் குறித்த வேளைகளில் ஆள் வேண்டும் என்பவர் இன்னொரு வகை: காலையில் எழுப்பிக் குளிப்பாட்டுவது, சமைத்துத் தருவது, இரவில் படுக்கவைப்பது. எந்த நொடியில் தேவை வரும் என்று சொல்ல முடியாததால் எப்போதும் அருகில் ஒருவர் இருந்தே ஆக வேண்டியவர் மூன்றாம் வகை: நினைவு தப்பியவர், அடிக்கடி விழுகிறவர், கழிப்பறைக்குத் தானாகப் போக முடியாதவர். எளிமையான பகுப்புதான், ஆனால் திட்டமிடுகிறவருக்குத் தேவையான அலகு, அதாவது மனித நேரம், இதில் நேரடியாகக் கிடைத்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. எழுபது வயதைக் கடந்த 1,000 பேர் வாழும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். 800 பேர் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்கிறார்கள். 120 பேருக்கு அவ்வப்போது உதவி, வாரம் 3 மணி நேரம். 60 பேருக்கு நாள்தோறும் உதவி, வாரம் 14 மணி நேரம். 20 பேருக்கு இடைவிடாத கவனிப்பு. உடனிருப்பவர் தூங்கும் நேரத்தைக் கழித்துவிட்டாலும் வாரம் 70 மணி நேரம். மொத்தம் 360, 840, 1,400 ஆக 2,600 மணி நேரம். ஆயிரத்தில் இருபது பேர், அதாவது வெறும் 2 விழுக்காட்டினர், பாதிக்கும் மேற்பட்ட உழைப்பை எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது இரண்டு மாற்றங்களை ஒப்பிடுவோம். தற்சார்பாக இருந்தவர்களில் 60 பேருக்கு அவ்வப்போது உதவி தேவைப்படத் தொடங்கினால், வாரத் தேவை 180 மணி நேரம் கூடும். நாள்தோறும் உதவி பெற்றவர்களில் 10 பேர் மட்டும் இடைவிடாத கவனிப்புக்கு நகர்ந்தால், 560 மணி நேரம் கூடும். ஆறில் ஒரு பங்கு ஆட்கள், மும்மடங்கு சுமை. ஓய்வூதியக் கணக்கில் இந்த இரண்டு மாற்றங்களும் தென்படவே மாட்டா. அதற்கு அன்றும் ஆயிரம் பேர், இன்றும் ஆயிரம் பேர். மிகச் சிறிய பிரிவை அளப்பதில் நேரும் சிறு பிழை மொத்தத் திட்டத்தையும் புரட்டிப்போடும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. சராசரி முதியவரைக் கற்பனை செய்துகொண்டு இந்தத் துறையில் திட்டமிட முடியாததற்குக் காரணம் அதுதான்.

இதுவரை பார்த்தது ஒரு நாளின் படம். மாதிரி என்பது அந்தப் படத்துக்கு அசைவு தருவது. நாள்தோறும் உதவி பெறும் 60 பேரில் ஓர் ஆண்டுக்குள் 9 பேர் இறக்கிறார்கள், 12 பேர் இடைவிடாத கவனிப்புக்கு நகர்கிறார்கள், 6 பேர் தேறி அவ்வப்போது உதவி என்ற நிலைக்குத் திரும்புகிறார்கள், 33 பேர் அப்படியே இருக்கிறார்கள் என்று கொள்வோம். இடைவிடாத பிரிவின் 20 பேரில் 6 பேர் இறந்தால், அடுத்த ஆண்டு அங்கே 14உடன் 12 சேர்ந்து 26 பேர். பக்கவாதத்துக்குப் பிறகும் இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகும் உடற்பயிற்சிச் சிகிச்சை தொடர்ந்து கிடைத்து, அந்த 12 என்பது 8 ஆகக் குறைந்தால், 22 பேர். நான்கு பேரின் வித்தியாசம் வாரத்துக்கு 224 மணி நேரம். முழுநேரப் பணியாளர் ஐந்து அல்லது ஆறு பேரின் உழைப்பு. சிகிச்சையாளர் ஒருவரை அந்தப் பகுதிக்கு நியமிப்பது செலவா சேமிப்பா என்ற கேள்விக்கு இப்போதுதான் ஓர் அடிப்படை கிடைக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. கவனிப்பு மேம்பட்டு, இடைவிடாத பிரிவில் இறப்பு 6இலிருந்து 3 ஆகக் குறைந்தால், அந்தப் பிரிவு 29 பேராகப் பெருகும். செலவைக் குறைப்பதே மாதிரியின் குறிக்கோள் என்று எழுதிவிட்டால், மனிதர் உயிரோடிருப்பதையே அது பாதகமாகக் காட்டும். நிதி அமைச்சுகளில் இது வெறும் தத்துவக் கவலையாக நின்றுவிடுவதில்லை. விடையை ரூபாயில் கேட்பதைவிட, ‘தேவைப்பட்டும் கிடைக்காமல் போகும் மணி நேரம் எவ்வளவு’ என்று கேட்பது பாதுகாப்பானது.

பெரிய அளவில் இந்த வேலை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்தவரும் 2018இல் வெளியிட்ட ‘பாக்சிம்’ என்ற மாதிரி, ஆயிரக்கணக்கான தனிமனிதர்களின் வாழ்க்கையைக் கணினிக்குள் ஆண்டாண்டாக நகர்த்திப் பார்த்தது. மேலே சொன்ன இடைவெளிப் பகுப்பையே அது பயன்படுத்தியது. 2015க்கும் 2035க்கும் இடையே தற்சார்பாக வாழும் 65 வயதைக் கடந்தோர் 55 லட்சத்திலிருந்து 89 லட்சமாக உயர்வார்கள் என்றும், 85ஐக் கடந்தவர்களில் நாள் முழுதும் கவனிப்பு தேவைப்படுவோர் ஏறத்தாழ இரட்டிப்பாகி 4 லட்சத்து 46 ஆயிரத்தை எட்டுவார்கள் என்றும் அது கணித்தது. அந்த ஒரு மாதிரியே நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் சேர்த்துச் சொன்னது. ‘முதியோர் பெருகுகிறார்கள்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் இவை இரண்டும் கரைந்து போயிருக்கும்.

மொரீஷியஸிடம் இப்படிப்பட்ட மாதிரிக்கான தரவு இருக்கிறதா? எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு யார் தனியாக வாழ்கிறார், யாருடன் வாழ்கிறார் என்பதைச் சொல்கிறது. 1987இலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் நடத்தப்பட்டுவரும் தொற்றாநோய் ஆய்வுகள் உலக நீரிழிவு ஆராய்ச்சியிலேயே பெயர்பெற்றவை. பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள ஒரு நாட்டில், இந்த ஆய்வுகள் கால் இழப்பு, பார்வை இழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் வழியே நாளைய பராமரிப்புத் தேவையை முன்கூட்டிக் காட்டக்கூடியவை. ஐம்பத்தைந்து வயது நீரிழிவு நோயாளி இன்று முதியோர் பட்டியலில் இல்லை. அவர் எழுபதைத் தொடும்போது எந்தப் பிரிவில் இருப்பார் என்பது இன்றைய சர்க்கரை அளவில் பெருமளவு தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது.

ஓய்வூதியப் பதிவேடு இன்னொரு புதையல். அனைவருக்கும் ஓய்வூதியம் என்பதால் ஏறத்தாழ எல்லா முதியவரும் அதில் இருக்கிறார்கள். பல நாடுகள் ஏங்கும் வசதி இது. இடைவிடாத கவனிப்பு தேவை என்று மருத்துவக் குழு ஏற்றுக்கொள்கிறவர்களுக்குப் பராமரிப்புப் படி என்னும் உதவித்தொகையும் உண்டு. மிக மூத்தவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டுக்கே சென்று பார்க்கும் மருத்துவர்களை சமூகப் பாதுகாப்பு அமைச்சு நெடுங்காலமாக அனுப்பிவருகிறது. இவ்வளவும் இருந்தும் மாதிரிக்கு வேண்டிய ஒன்று மட்டும் கிடைப்பதில்லை. மருத்துவக் குழுவின் முடிவு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று இரண்டில் ஒன்றாக வருகிறது. முதியோர் ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கான இயலாமை ஓய்வூதியத்திலும் 60 விழுக்காடு இயலாமை என்ற கோடுதான். 58 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டவரும் 15 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டவரும் கோட்டின் அதே பக்கத்தில் விழுகிறார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே கோட்டைத் தாண்டப் போகிறார் என்பதைப் பட்டியலிலிருந்து அறிய வழியில்லை. படி கொடுப்பதற்குக் கோடு போதும். முன்னறிவதற்குப் படிநிலைகள் வேண்டும்.

ஓய்வூதிய வயது உயர்வது இந்தக் கோட்டின் மேல் புதிய அழுத்தத்தையும் கொண்டுவரும். கரும்புத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உடல் தேய்ந்தவர் ஒருவர் 61 வயதில் வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தால், முதியோர் ஓய்வூதியத்தின் வாசல் மூடியிருக்கையில் இயலாமை ஓய்வூதியத்தின் வாசலைத் தட்டுவார் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. சேமிப்பைக் கணக்கிடும் மாதிரி, ஒரு தலைப்பில் குறைவதை இன்னொரு தலைப்பில் கூடுவதோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் அரைக்கணக்கோடு நின்றுவிடும்.

தேவையை அளப்பதும் அவ்வளவு எளிதல்ல. கேள்வி கேட்க வரும் அலுவலர் கிரியோலில் கேட்பார். பெரும்பாலான தமிழ் வீடுகளிலும் இன்று அதுவே புழக்க மொழி, ஆகவே மொழி தடையில்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. ரோஸ் ஹில்லிலோ ஸ்டான்லியிலோ ஒரு வீட்டுக் கூடத்தில், மகனும் மருமகளும் நிற்க, எண்பது வயதுப் பெண்மணியிடம் ‘தனியாகக் குளிக்க முடிகிறதா?’ என்று கேட்டால் என்ன விடை வரும்? ‘எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். குளியலறையில் கை பிடித்து உட்காரவைப்பது யார் என்பது அந்த மௌனத்தில் இருக்கும். மருமகளைத் தனியாகக் கேட்டால், களைப்பின் காரணமாக, உள்ளதைவிடக் கூடுதலாகவும் சொல்லக்கூடும். முதியோர் ஆய்வுகளில் இந்த இரு விலகல்களும் நன்கறியப்பட்டவை. ‘முடிகிறதா’ என்பதற்குப் பதில் ‘கடைசியாகக் குளித்தபோது கூட யார் இருந்தார்கள்’ என்று நடந்ததைக் கேட்பது ஓரளவு கைகொடுக்கும்.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் நம் உறவுக்காரத் தமிழ் வமிசத்தார் வாழ்வது வேறொரு அளவுகோலின் கீழ். அது பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்பதால், 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி 2002 முதல் நடைமுறையில் உள்ள தற்சார்பு உதவித்தொகை அங்கும் உண்டு. அதைக் கோருகிறவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் குழு, அக்கீர் என்னும் மதிப்பீட்டுக் கட்டத்தின்படி அவரை ஆறு பிரிவுகளில் ஒன்றில் வைக்கிறது. முதல் பிரிவில் இருப்பவருக்கே தேவை மிக அதிகம். முதல் நான்கு பிரிவுகளில் இருப்பவர்களுக்கே உதவித்தொகை. அந்தக் கட்டத்தைப் பற்றி, மறதி நோய்க்கு அது போதிய இடம் தருவதில்லை என்பது உட்பட, குறைகள் பல சொல்லப்படுகின்றன. இருந்தாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே அளவுகோல் தொடர்ந்திருப்பதால், நான்காம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு மக்கள் எவ்வளவு காலத்தில் நகர்கிறார்கள் என்பதை அங்கே பதிவேட்டிலிருந்தே கணக்கிட முடியும். குறையுள்ள அளவுகோலை நெடுநாள் மாறாமல் பயன்படுத்துவது, குறையற்ற அளவுகோலுக்காகக் காத்திருப்பதைவிட மேல் என்பது என் எண்ணம்.

அளவுகோலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. அங்கே பராமரிப்புக் காப்புறுதியின் மூன்று நிலைகள் 2017இல் ஐந்து தரங்களாக விரிக்கப்பட்டு, மறதி நோயாளிகளுக்கும் உரிய இடம் கொடுக்கப்பட்டது. 2015 இறுதியில் ஏறத்தாழ 29 லட்சமாக இருந்த பராமரிப்புத் தேவையுடையோர் எண்ணிக்கை 2023 இறுதியில் ஏறத்தாழ 57 லட்சம். எட்டே ஆண்டுகளில் ஜெர்மானியர் அவ்வளவு முதுமை அடைந்துவிடவில்லை. முன்பும் இருந்த தேவை, கதவு அகலமானதும் உள்ளே வந்தது, கூச்சப்பட்டவர்களும் விண்ணப்பித்தார்கள். வயதையும் பிறப்பு இறப்பையும் மட்டும் உள்ளிட்டுக் கட்டிய எந்த மாதிரியாலும் இதைக் கணித்திருக்க முடியாது. மொரீஷியஸ் நாளை ஒரு புதிய படியையோ வீட்டுப் பராமரிப்புச் சேவையையோ அறிவித்தால், அறிவிப்பே தேவையை வெளிக்கொண்டுவரும் என்பதை நிதிக் கணக்கில் முதல் நாளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையின் பக்கம் இப்படியென்றால், கைகளின் பக்கம் இன்னும் இருட்டு. முதியவரைக் கவனிக்கும் பெரும்பான்மை உழைப்புக்குச் சம்பளம் இல்லை. மனைவி, மகள், மருமகள் என்று பெண்களே செய்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. நாலைந்து பிள்ளைகள் பிறந்த தலைமுறையினர் இப்போது எண்பதுகளில் இருக்கிறார்கள்; ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் வருவார். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட தலைமுறையினர் எழுபதைத் தொடும்போது, அந்த இருவரில் ஒருவர் பிரான்ஸிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கக்கூடும். அன்று மக்கள்தொகைப் பெருக்கத்திலிருந்து தீவைக் காப்பாற்றிய அதே குடும்பச் சுருக்கம் இன்று பராமரிப்பின் தட்டுப்பாடாகத் திரும்புகிறது. ஆகவே மாதிரி ஒவ்வொரு முதியவருக்கும் பக்கத்தில் அவரைக் கவனிக்கக்கூடியவரையும் வைத்து நகர்த்த வேண்டும். எழுபத்தெட்டு வயதுக் கணவரைக் கவனிக்கும் எழுபத்தைந்து வயது மனைவி இன்றைய கணக்கில் உதவியாளர். அவர் ஒருமுறை வழுக்கி விழுந்தால், அதே நாளில் இருவர் தேவைப்பட்டியலில் சேர்கிறார்கள். வெளிநாட்டுப் பராமரிப்புப் பணியாளரை வரவழைப்பது பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் பொருளுள்ளதாகிறது. எத்தனை பேர், எந்த ஆண்டில் என்ற எண் இல்லாமல் அது வெறும் பேச்சு.

ஊர்வாரியான பகுப்பும் முக்கியம். ஆனால் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பிளேன் வில்லெம்ஸ் மாவட்டத்தின் பழைய நகரங்களும், புதிய குடியிருப்புகள் எழும் மேற்குக் கரையும், தன்னாட்சி பெற்ற ரோட்ரீக்ஸ் தீவும் ஒரே வேகத்தில் முதுமை அடையவில்லை. நாட்டுச் சராசரிக்கு நியமிக்கப்படும் பணியாளர், தேவை இல்லாத ஊரில் சும்மா இருப்பார். தேவை உள்ள ஊரில் போதாமல் போவார்.

இவ்வளவு தரவையும் இணைப்பது என்றவுடன் எழ வேண்டிய கவலை, அதைக்கொண்டு வேறென்ன செய்வார்கள் என்பது. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை நடந்த ‘ரோபோடெட்’ விவகாரத்தில், நலத்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று தனிமனிதர் மேல் ஏற்றி, இல்லாத கடனைத் திருப்பிக் கேட்டார்கள். அரச விசாரணை ஆணையம் 2023இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் சராசரி, தனியொருவர் வாசலில் போய்த் தீர்ப்புச் சொன்னதுதான் அங்கே நடந்த கேடு. பராமரிப்பு மாதிரிக்கும் இதே எல்லை உண்டு. ஒரு பகுதியில் அடுத்த ஆண்டு எத்தனை பணியாளர் வேண்டும் என்று அது சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு பாட்டிக்குப் படி உண்டா இல்லையா என்று சொல்லக்கூடாது. அதை அவரை நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மொரீஷியஸில் நடைமுறையில் உள்ளது. தேசிய அடையாள அட்டைக்கான கைரேகை விவகாரம் உச்ச நீதிமன்றத்தையும் தாண்டி ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை போனது. 2021இல் அக்குழு தனியுரிமை மீறல் என்றே கூறியது. ஆகவே மக்களின் ஐயம் கற்பனையில் பிறந்ததல்ல. அடையாள எண்ணை நீக்கி, வயது, வட்டாரம், தேவைப் பிரிவு, குடும்ப அமைப்பு ஆகியவற்றை மட்டும் அரசின் புள்ளிவிவர அமைப்பான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் போன்ற ஒரே இடத்தில் இணைத்தால் மாதிரிக்குப் போதும். இனவாரிக் கணக்கு 1982இல் கைவிடப்பட்டதும் இதற்குத் தடையில்லை. மருமகளின் களைப்புக்கு இனம் கிடையாது. நம் கோயில் சங்கங்கள் தங்கள் உறுப்பினரில் யார் படுத்துவிட்டார், யார் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்பதை எந்தப் பதிவேட்டையும்விட முன்னதாக அறிகின்றன. அந்த அறிவு உதவிக்குப் பயன்படட்டும். பட்டியலாகி அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்பேன்.

ஒரு மாதிரியை நம்பலாமா என்பதைச் சோதிக்க நேர்மையான வழி ஒன்றுண்டு. 2011 கணக்கெடுப்பின் நிலையை மட்டும் கொடுத்து, அதற்குப் பிந்தைய எதையும் காட்டாமல், 2022ஐக் கணிக்கச் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததோடு ஒப்பிட வேண்டும். கோவிட் ஆண்டுகளில் அது தவறினால் மன்னிக்கலாம். தனியாக வாழும் முதியோர் எண்ணிக்கையில் தவறினால் மன்னிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் போக்கு 2011லேயே கண்ணுக்குத் தெரிந்தது. விடையையும் ஒற்றை எண்ணாக இல்லாமல், இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று, ஒவ்வொரு எல்லையும் எந்த நிபந்தனையைச் சார்ந்தது என்பதோடு வெளியிட வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவரும் மருத்துவக் குழுவும் நிரப்பும் படிவத்தில் காட்ஸின் ஆறு செயல்களையும் ஆறு வரிகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ‘தானாக’, ‘சிறிது உதவியுடன்’, ‘முழு உதவியுடன்’ என்று மூன்று கட்டங்கள் வைத்தால் போதும். அதே ஆளுக்கு அடுத்த ஆண்டும் அதே ஆறு வரிகள் நிரப்பப்பட்டால், மேலே நான் கற்பனையாக வைத்த 12க்கும் 6க்கும் பதிலாக இந்தத் தீவின் உண்மையான எண்கள் வந்து உட்காரும். ஏழாவதாக ஒரு வரியும் வேண்டும்: உடனிருந்து கவனிப்பவர் யார், அவருக்கு வயது என்ன, அவரால் இரவில் தூங்க முடிகிறதா.